சிமுலேட்டருக்கு ஆண், பெண் தெரியாது!



போன மாதச் சுவரிதழில் கம்ப்யூட்டர் விளையாட்டு நல்லதா, கெட்டதா என்று ஒரு கட்டுரை வந்தது. எல்லாரும் படித்திருப்பீங்க. அதில் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்த மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் வெளியே எடுத்து உங்கள் முன்னால் வைக்கிறேன். அதன் பெயர் சிமுலேட்டர். அது விளையாட்டு இல்லை என்பதும், அதனிடம் நாம் கற்றுக்கொள்ள ஒரு நியாயம் இருக்கிறது என்பதும் என் கருத்து. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க!

சிமுலேட்டர் என்றால் என்ன?

நிஜ விமானம் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே நடந்துகொள்ளும் பொம்மை விமானம்தான் சிமுலேட்டர். வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்கும். ரொம்பக் குறைத்தால் விழும். இதில் "லெவல்" கிடையாது, "பாயிண்ட்" கிடையாது, உயிர் மூன்று தருவதும் கிடையாது. காற்றுக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான்.

எங்க பெரியம்மா மகள் அக்காவுக்கு, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுது. அதில் ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரை அக்கா போட்டுக் கொடுத்தாங்க. இது இலவசம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க என்று விட்டுவிட்ட மென்பொருள். பழைய லேப்டாப் என்பதால் படம் விட்டு விட்டுத்தான் ஓடும். ஆனாலும் ஓடும். அதில் நான் ஓட்டுவது எஃப்-14 டாம்கேட் என்ற கடற்படைப் போர் விமானம்.

பருந்து மாதிரி ஒரு விமானம்

டாம்கேட்டை அமெரிக்கக் கடற்படைக்காக க்ரம்மன் கம்பெனி செய்தது. 1970 டிசம்பர் 21-ம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1974-ல் கப்பலோடு கடலுக்குப் போனது. மொத்தம் 712 விமானங்கள் செய்தார்கள். அமெரிக்காவைத் தவிர ஈரான் மட்டும்தான் இதை வாங்கியது. அமெரிக்கக் கடற்படை 2006 செப்டம்பரில் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. 1986-ல் வந்த 'டாப் கன்' என்ற ஆங்கிலப் படத்தில் வருவது இந்த விமானம்தான்.

இதன் அதிசயமே இறக்கைதான். நம்ம ஊர்ப் பருந்தைப் பாருங்கள். மேலே வட்டமிடும்போது இறக்கையை நன்றாக விரித்திருக்கும். கோழிக்குஞ்சைக் கண்டு பாயும்போது ஒடுக்கிக்கொள்ளும். டாம்கேட்டும் அப்படித்தான். மெதுவாகப் போகும்போது இறக்கை விரிந்து 20 டிகிரி சாய்வில் இருக்கும். ஒலியை விட வேகமாகப் போகும்போது 68 டிகிரி வரைக்கும் பின்னால் ஒடுங்கும். அதை விமானத்தில் உள்ள கம்ப்யூட்டரே வேகத்தைப் பார்த்துச் செய்துவிடும். விமானத்தில் இரண்டு பேர். முன்னால் விமானி, பின்னால் ரேடாரைப் பார்க்கும் அதிகாரி.

நல்ல விமானம்தான். ஆனால் அதற்கு ஒரு நோய் இருந்தது. முதலில் வந்த எஃப்-14ஏ விமானங்களில் டிஎஃப்30 என்ற இன்ஜின் வைத்திருந்தார்கள். இன்ஜினுக்குள் காற்று நேராக, ஒரே சீராகப் போக வேண்டும். விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் திரும்பினால் ஒரு பக்க இன்ஜினுக்குப் போகும் காற்று கலங்கிப் போகும். அப்போது அந்த இன்ஜின் இருமி, சக்தி இல்லாமல் போய்விடும். இதற்கு கம்ப்ரஸர் ஸ்டால் என்று பெயர். இரண்டு இன்ஜினுக்கும் நடுவில் சுமார் 9 அடி இடைவெளி இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் இன்னொரு மாடு வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் இல்லீங்களா? அதே மாதிரி நல்லா இருக்கிற இன்ஜின் விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

இது ஊருக்கே தெரிந்த நோய். 1984-ல் அமெரிக்கக் கடற்படைச் செயலாளராக இருந்த ஜான் லேமன், இந்த இன்ஜின் இந்த விமானத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று அவர்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். எஃப்-14 விபத்துகளில் கால் பங்குக்கும் மேல் இந்த இன்ஜினால் நடந்தவை. பிறகுதான் வேறு இன்ஜின் வைத்து எஃப்-14பி, எஃப்-14டி என்று செய்தார்கள். நான் ஓட்டுவது எஃப்-14பி. அதில் இந்த நோய் கிடையாது.

கப்பலில் இறங்குவது சும்மாவா?

ஊரில் ஓடும் பஸ்ஸை நிறுத்தவே இடம் வேண்டும். டாம்கேட் இறங்கும்போது எடை 20 டன்னுக்கு மேல். வேகம் மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். இறங்க வேண்டிய இடமோ கடலில் நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பலின் மேல்தளம். தளத்தின் குறுக்கே நான்கு இரும்பு வடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி ஏதாவது ஒரு வடத்தில் மாட்ட வேண்டும். மாட்டினால் இரண்டு மூன்று விநாடியில் விமானம் நின்றுவிடும்.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி பிரேக் பிடிக்க மாட்டார். இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளுவார்! ஏன் தெரியுமா? கொக்கி மாட்டாமல் போனால் திரும்ப மேலே ஏறிப் போக வேண்டுமே, அதற்காக. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், தவறிப்போனால் என்ன செய்வது என்பதற்கும் சேர்த்தே தயாராக இறங்குகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

ஃபிளைட்கியரில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்துக் கடலில் ஒரு கப்பல் நிற்கும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ரஃப் நோட்டில் ஒரு கோடு போட்டேன். கடலில் விழுந்தால் சிவப்புக் கோடு. வடத்தில் மாட்டினால் நீலக் கோடு. இருபத்தாறு சிவப்புக் கோட்டுக்குப் பிறகுதான் முதல் நீலக் கோடு வந்தது. எங்க பெரியம்மா மகன் அண்ணனும் உட்கார்ந்தான். "பொம்பளைப் பிள்ளைக்கே வந்துருச்சு, எனக்கு என்ன" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். அவனுக்கு முப்பத்தொரு சிவப்புக் கோடு! சிமுலேட்டர் அவனுக்கும் சலுகை தரவில்லை, எனக்கும் தரவில்லை.

துருத்தியில் பிறந்த சிமுலேட்டர்

இந்த யோசனை கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம்ம ஆர்மோனியத்தில் காற்றடிக்கும் துருத்தி இருக்குமே, அந்த மாதிரித் துருத்திகளை வைத்து லிங்க் 1929-ல் ஒரு பொம்மை விமானம் செய்தார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் அது சாயும், திரும்பும். முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் விளையாட்டாகத்தான் அது போனது.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளை ஏற்றிப் பறக்க வேண்டி வந்தது. இருட்டிலும் மூடுபனியிலும் பறந்து பழக்கம் இல்லாததால் பலர் விபத்தில் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் லிங்க்கின் இயந்திரத்தை வாங்கியது. அதாவது, உயிர் போன பிறகுதான் "உயிர் போகாமல் பழகலாமே" என்று புத்தி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். இன்றைக்குப் பயணிகள் விமானம் ஓட்டுபவர்களும் சிமுலேட்டரில் பழகித்தான் ஆக வேண்டும். இப்ப சொல்லுங்க, இது வெறும் விளையாட்டா?

1994 அக்டோபர் 25

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவிலும் ரொம்ப நாள் பெண்களைப் போர் விமானத்தில் சண்டைக்கு அனுப்பும் பிரிவில் சேர்க்கவில்லை. 1993 ஏப்ரலில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். காரா ஹல்ட்கிரீன் என்பவர் டாம்கேட் ஓட்டிய முதல் பெண் விமானி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். டாம்கேட்டில் முதல் தடவை கப்பலில் இறங்கும் தேர்வு வைத்தபோது அவர் தேறவில்லை. விடவில்லை. திரும்பப் பழகி 1994-ல் தேறினார்.

1994 அக்டோபர் 25. கலிபோர்னியா பக்கத்துக் கடலில் ஆபிரகாம் லிங்கன் என்ற கப்பல். காரா இறங்க வருகிறார். கப்பலுக்கு நேராக வர வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்விட்டது விமானம். அதைச் சரிசெய்ய இடது பக்கம் திருப்பினார். மூக்கு பக்கவாட்டில் திரும்பியது. இடது இன்ஜின் இருமியது. அந்த விமானம் பழைய எஃப்-14ஏ. இன்ஜின் அதே டிஎஃப்30. விமானம் இடது பக்கம் சாய்ந்து புரண்டது. பின்னால் இருந்த அதிகாரி இருவரையும் வெளியே தள்ளும் விசையை இழுத்தார். அவர் முதலில் வெளியே போய்ப் பிழைத்துக்கொண்டார். 0.4 விநாடி கழித்துத்தான் முன் இருக்கை வெளியே போகும். அந்த 0.4 விநாடிக்குள் விமானம் இன்னும் புரண்டுவிட்டதால் காரா கடலை நோக்கித் தள்ளப்பட்டார். இறந்துபோனார். வயது 29.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வேதனை. "பெண் என்பதால் தகுதி இல்லாமல் பாஸ் போட்டு விட்டார்கள்" என்று சிலர் பேசினார்கள். பெயர் போடாமல் பத்திரிகைகளுக்கு பேக்ஸ் அனுப்பினார்கள். கடைசியில் அவருடைய அம்மாவே மகளின் பயிற்சி மதிப்பெண்களை வெளியிட வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள். செத்துப்போன மகளின் மார்க் ஷீட்டை ஊருக்குக் காட்டி, "என் பெண் நல்லாத்தான் படிச்சா" என்று ஒரு தாய் நிரூபிக்க வேண்டுமா?

ஒன்பது பேரில் எட்டுப் பேர்

கடற்படை விசாரணை செய்தது. அப்போது ஒரு வேலை செய்தார்கள். அனுபவமுள்ள எஃப்-14 விமானிகள் ஒன்பது பேரைச் சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் ஆண்கள். காராவுக்கு வந்த அதே நிலைமையை அவர்களுக்கும் வைத்தார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் விழுந்துவிட்டார்கள்!

நான் காரா பக்கம் மட்டும் பேச மாட்டேன். கடற்படை வெளியிட்ட ஓர் அறிக்கை இன்ஜின் கோளாறைச் சொன்னது. பிறகு வெளியே வந்த இன்னோர் அறிக்கை விமானி செய்த தவறையும் சொன்னது. கோட்டைத் தாண்டியதும், அதிகமாகத் திருப்பியதும் தவறுதான். இன்ஜின் நோயுள்ள இன்ஜின் என்பதும் உண்மைதான். ரெண்டும் உண்மை.

ஆனால் என் கேள்வி வேறு. அதற்கு முன்னால் இதே இன்ஜினால் எத்தனையோ விமானங்கள் விழுந்திருக்கின்றன. ஓட்டியவர்கள் ஆண்கள். அப்போது யாராவது "ஆம்பளைங்களுக்கு விமானம் ஓட்ட வராது" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. "இன்ஜின் சரியில்லை", "பாவம், நேரம் சரியில்லை" என்றார்கள். ஆண் விழுந்தால் அவர் ஒருவர் விழுந்தார். பெண் விழுந்தால் பெண் இனமே விழுந்ததாகக் கணக்கு. இது எந்த ஊர்க் கணக்கு?

சிமுலேட்டர் இந்தக் கணக்கைப் போடவில்லை. அது கை என்ன செய்தது, காற்று என்ன செய்தது என்று மட்டும் பார்த்தது. மனிதர்கள் வருஷக்கணக்காக வாதாடிய விஷயத்தில், "சரி, நீங்க உட்கார்ந்து பாருங்க" என்று ஒரே இருக்கையை எல்லாருக்கும் போட்டது. ஒருவர் விழுந்ததைப் பார்த்து ஏளனம் செய்யும் முன்னால், அதே இருக்கையில் நாமும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிமுலேட்டரில் நான் பார்க்கும் நியாயம் இதுதான்.

மறுத்துப் பேசுபவர்களுக்கு

"போர் விமானம் ஆளைக் கொல்வதற்குத்தானே? அதைப் போய் ஒரு பெண் பிள்ளை ரசிக்கலாமா?" என்று எங்க பாட்டி கேட்டாங்க. நல்ல கேள்விதான். எனக்கும் சண்டை பிடிக்காது. சிமுலேட்டரில் நான் யாரையும் சுட்டதில்லை. கப்பலில் பத்திரமாக இறங்குவது மட்டும்தான் என் வேலை. கஷ்டமான ஒன்றை நிதானமாகச் செய்யப் பழகுவதற்கு அது போதும்.

"அதில் பயமே இல்லையே, விழுந்தால் திரும்ப ஆரம்பிக்கலாமே, அது எப்படிப் படிப்பு ஆகும்?" என்று அண்ணன் கேட்டான். பயம் இல்லாததுதான் அதன் உபயோகம்! நிஜ விமானத்தில் ஒரு தடவை விழுந்தால் கதை முடிந்தது. இங்கே விழுந்த பிறகு, எந்த இடத்தில் வேகம் குறைந்தது, எப்போது சாய்ந்தது என்று பார்க்கலாம். 2019-ல் டிசிஎஸ் என்ற சிமுலேட்டருக்கு டாம்கேட் வந்தது. அது காசு கொடுத்து வாங்குவது. நம்ம லேப்டாப்பில் ஓடாது. அதில் பழைய எஃப்-14ஏ-வும் இருக்கிறது. அதன் இன்ஜின் இருமுவதைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள். காரா காலத்தில் விமானிகள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து கற்கலாம்.

"கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும்" என்பார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் கெடத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று எங்க அக்கா கண்டிப்பாக வைத்திருக்காங்க. சொல்லப்போனால் இதனால்தான் எனக்கு அறிவியலில் விசை, இயக்கம், திசைவேகம் எல்லாம் புரிந்தது. கோணம் என்றால் என்ன என்று கணக்கு நோட்டில் புரியாதது கப்பல் தளத்தில் புரிந்தது.

நம்ம கம்ப்யூட்டர் அறை

இனி நம்ம ஊருக்கு வருவோம். நம் நாட்டிலும் காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா என்ற பெண் அதிகாரி, இந்தியக் கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். விசாகப்பட்டினத்தில் விழா நடந்தது. அவரைப் போட்டோவில் பார்த்துக் கை தட்டினால் மட்டும் போதுமா?

நம்ம கம்ப்யூட்டர் அறையில் பத்து கம்ப்யூட்டர். எங்க வகுப்பில் நாற்பது பேர். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். மணி அடித்ததும் பையன்கள் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் பின்னால் நின்று நோட்டில் குறிப்பு எடுப்போம். பீரியட் முடியும்போது, "இந்தா, ஒரு தடவை தொட்டுக்கோ" என்று தருவார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் கை தடுமாறும். உடனே, "பார்த்தியா, இதுங்களுக்கு வராது" என்று சிரிப்பு. பையன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் முதல் நாள் கை தடுமாறியது. ஆனால் தடுமாறி, தடுமாறிப் பழக அவர்களுக்கு நாற்காலி இருந்தது. எங்களுக்கு நோட்டு மட்டும்தான் இருந்தது.

அதனால் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று விஷயம்.

ஒன்று: கம்ப்யூட்டர் பீரியடில் ரோல் நம்பர் வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். கடிகாரம் பார்த்து மாற வேண்டும். ஆணோ பெண்ணோ, முதல் ரேங்கோ கடைசி ரேங்கோ, எல்லாருக்கும் அதே பத்து நிமிஷம்.

இரண்டு: அந்தப் பத்து நிமிஷத்தில் யாராவது தடுமாறினால் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவர் அடுத்து உட்கார்ந்து அதையே செய்து காட்ட வேண்டும். ஒன்பது விமானிகளுக்கு வைத்த அதே சோதனை!

மூன்று: முடிந்தால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் ஃபிளைட்கியரைப் போட்டுத் தர வேண்டும். செலவே கிடையாது. மாதம் ஒரு நாள், மார்க் இல்லாத ஒரு பீரியட். சிவப்புக் கோடும் நீலக் கோடும் போட நான் நோட்டு வாங்கித் தருகிறேன்.

தோழிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்காலி கிடைத்ததும் "எனக்கு வராது, நீயே பண்ணு" என்று எழுந்து கொடுத்துவிடாதீங்க. நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். விழுந்தால் விழட்டும். காரா முதல் தேர்வில் தேறவில்லை என்பதை மறக்காதீங்க. தேறாதவர்களின் பெயர்ப் பட்டியலில் இருந்துதான் முதல் பெண் டாம்கேட் விமானி வந்தார்.

தோழர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதில் எதிர்க்கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கீழே வெள்ளைத்தாள் ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் போடாமல் எழுதினால் படிக்க மாட்டேன். பென்சிலை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி